விடுதி முதல் விடுதி வரை: ஆல்ப்ஸ் மலையில் வழிகாட்டி இல்லா நடைப்பயணம்

முன்னுரை

மலை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, பேருந்தில் ஏறி, வளைவுகளில் தலை சுற்றி, உச்சியில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு, மாலையே கீழே இறங்கிவிடும் உல்லாசப் பயணமே ஆகும். ஆனால் மலையை அதன் காலடியிலிருந்தே அறிய விரும்பும் மக்கள் ஐரோப்பாவில் வேறொரு முறையைக் கையாளுகின்றனர். காலையில் ஒரு சிற்றூரிலிருந்து முதுகில் மூட்டையுடன் நடக்கத் தொடங்குகின்றனர். ஒரு கணவாயைக் கடந்து மாலையில் அடுத்த பள்ளத்தாக்கிலுள்ள விடுதியை அடைகின்றனர். அங்கே உண்டு உறங்கி, மறுநாள் அடுத்த விடுதியை நோக்கிப் புறப்படுகின்றனர். இவ்வாறு மூன்று நாள், ஐந்து நாள், பத்து நாள் என்று நடை தொடர்கிறது. முன்னே செல்ல வழிகாட்டி எவரும் இல்லை. நிலப்படமும், பாறையில் தீட்டிய வண்ணக் குறிகளும், தங்கள் சொந்த அறிவுமே அவர்களுக்குத் துணை.

புவியியல் பாடத்தில் இளம் மடிப்பு மலைகளைப் பற்றிப் படித்த நாங்கள், இப்பயணத்தைப் பற்றியும் அறிய விரும்பினோம். வழிகாட்டியின்றி உயர்ந்த மலையில் நடப்பவர்கள் வழி தவறாமல் ஊர் திரும்புவது எவ்வாறு? அவர்களுள் பெண்கள் இத்தனை பேர் இருப்பது எவ்வாறு? இவ்விரு கேள்விகளுக்கும் நாங்கள் கண்ட விடைகளையே இக்கட்டுரையில் தோழியர்க்கும் பெற்றோர்க்கும் எடுத்துரைக்கிறோம்.

ஆல்ப்ஸ் மலைத்தொடர்

ஆல்ப்ஸ் மலைத்தொடர் பிறைநிலா வடிவில் ஏறத்தாழ 1,200 கி.மீ. நீளத்திற்கு வளைந்து கிடக்கிறது. பிரான்ஸ், மொனாக்கோ, இத்தாலி, சுவிட்சர்லாந்து, லீக்டன்ஸ்டைன், ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவேனியா ஆகிய எட்டு நாடுகள் அதைப் பங்கிட்டுக் கொண்டுள்ளன. ஆப்பிரிக்கத் தட்டும் ஐரோப்பியத் தட்டும் ஒன்றையொன்று நெருக்கியதால் இடையிலிருந்த படிவுகள் மடிந்து மேலெழுந்தன. அதுவே ஆல்ப்ஸ் பிறந்த கதை. இத்தொடரின் மிக உயர்ந்த சிகரம் மோன் பிளாங். 'வெண்மலை' என்பது அதன் பொருள். அதன் தலையில் பனி எப்போதும் படிந்திருப்பதால் உயரம் ஆண்டுதோறும் சிறிது மாறும். 2023-ஆம் ஆண்டில் அளந்தபோது 4,805 மீட்டருக்குச் சற்று அதிகமாக இருந்தது.

'ஆல்ப்' என்ற சொல் அம்மலைவாசிகளின் பேச்சில் சிகரத்தைக் குறிப்பதில்லை. கோடையில் மாடுகள் மேயும் உயர்நிலப் புல்வெளியையே அது குறிக்கும். ஜூன் மாதத்தில் கழுத்து மணி ஒலிக்க மாடுகள் மேலே ஏற்றப்படுகின்றன. செப்டம்பரில் மீண்டும் கீழே இறக்கப்படுகின்றன. இன்று நடைப்பயணிகள் செல்லும் பாதைகளில் பெரும்பாலானவை மாடும் மேய்ப்பரும் கோவேறு கழுதையும் நூற்றாண்டுகளாக நடந்து உண்டாக்கியவையே. சுற்றுலாவுக்கென்று புதிதாக வெட்டியவை சிலவே.

சத்திரம் கட்டிய துறவியர்

மலை நடுவில் வழிப்போக்கருக்கு இடம் தரும் வழக்கம் மிகப் பழையது. சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையில் 2,469 மீட்டர் உயரத்தில் பெரிய புனித பெர்னார்டு கணவாய் உள்ளது. உரோமை நகருக்குச் செல்லும் திருப்பயணிகள் இதன் வழியாகவே ஆல்ப்ஸைக் கடந்தனர். 990-ஆம் ஆண்டளவில் காண்டர்பரி பேராயர் சிகெரிக் உரோமையிலிருந்து திரும்பியபோது, ஒவ்வொரு நாளும் தங்கிய இடத்தைக் குறித்து வைத்தார். விடுதிக்கு விடுதி நடந்த பயணத்தின் மிகப் பழைய பட்டியல்களுள் அதுவும் ஒன்று எனலாம்.

அக்கணவாயில் பனிச்சரிவினாலும் கொள்ளையராலும் பயணிகள் மடிந்தனர். அதைக் கண்டு மனம் இரங்கிய ஆவோஸ்தா நகரத்துக் குருவான புனித பெர்னார்டு, சுமார் 1050-ஆம் ஆண்டில் கணவாயின் உச்சியிலேயே ஒரு சத்திரத்தை நிறுவினார். அகுஸ்தீன் ஒழுங்கைப் பின்பற்றும் துறவியர் அதை இன்றும் நடத்தி வருகின்றனர். அதன் வாசற்கதவைப் பூட்டுவதில்லை என்பது அவர்களது மரபு. 1964-ஆம் ஆண்டில் மலைக்கு அடியில் சாலைச் சுரங்கம் திறக்கப்பட்ட பின்னரும், குளிர்காலத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளிலும் பனி மிதியடிகளிலும் ஏறி வருவோருக்கு அச்சத்திரம் இடம் தந்து வருகிறது.

புகழ்பெற்ற செயின்ட் பெர்னார்டு நாய்கள் வளர்ந்த இடமும் இதுவே. அவற்றுள் 'பாரி' என்னும் நாய் 1800 முதல் 1814 வரை வாழ்ந்தது. அது நாற்பது உயிர்களைக் காத்தது என்று வழிவழியாகக் கூறுவர். அதன் பதப்படுத்திய உடலை பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். ஆனால் படங்களில் காண்பது போல அந்நாய்களின் கழுத்தில் மதுப்பீப்பாய் தொங்கியது என்பது வெறும் கற்பனை என்பதையும் தோழியர் அறிய வேண்டும்.

பயஸ் என்று வழங்கப்படும் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் தம் இளமையில் சிறந்த மலையேறியாக விளங்கியவர். 1889-இல் மோன்தே ரோசா மலையின் கடினமான கிழக்கு முகத்தின் வழியே ஏறியவர். அவரே 1923-ஆம் ஆண்டில் புனித பெர்னார்டை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார்.

மலைக் கழகங்களும் குடில்களும்

மலையைக் கண்டு அஞ்சி ஒதுங்கிய காலம் மாறி, அதை விரும்பித் தேடிச் செல்லும் காலம் 18-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. ஜெனீவா நகர அறிஞர் சோசூர், மோன் பிளாங் உச்சிக்கு வழி காண்பவருக்குப் பரிசளிப்பதாக 1760-இல் அறிவித்தார். 1786 ஆகஸ்டு 8-ஆம் நாள் ஷாமொனி ஊரைச் சேர்ந்த மருத்துவர் பக்கார் என்பவரும், பால்மா என்பவரும் உச்சியை அடைந்தனர். அதன் பின்னர் 1857-இல் இங்கிலாந்திலும், 1862-இல் ஆஸ்திரியாவிலும், 1863-இல் சுவிட்சர்லாந்திலும் இத்தாலியிலும், 1869-இல் ஜெர்மனியிலும், 1874-இல் பிரான்சிலும் மலைக் கழகங்கள் தோன்றின.

ஐரோப்பிய நாடுகளின் இக்கழகங்களே உயர்ந்த இடங்களில் குடில்களைக் கட்டின. சுவிஸ் கழகம் தோன்றிய ஆண்டிலேயே தன் முதல் குடிலைக் கட்டிவிட்டது. இன்று அக்கழகத்திற்கு மட்டும் 150-க்கும் மேற்பட்ட குடில்கள் உள்ளன. பள்ளத்தாக்குகளில் குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகளும் உண்டு. மேலே குடில், கீழே விடுதி, இடையில் ஒரு நாள் நடை. இந்த ஏற்பாடே வழிகாட்டி இல்லாப் பயணத்திற்கு அடிப்படை.

கதவைத் தட்டிய பெண்கள்

மலை ஆண்களுக்கே உரியது என்ற எண்ணம் அக்காலத்தில் எங்கும் நிலவியது. எனினும் 1808-இல் ஷாமொனி ஊரைச் சேர்ந்த மரீ பாரடி என்னும் எளிய பெண் மோன் பிளாங் உச்சியை அடைந்தார். 1838-இல் ஹென்றியெத் தாஞ்செவீல் தம் 44-ஆம் வயதில் அதே உச்சியில் நின்றார். 1863-இல் தாமஸ் குக் என்பவர் முதன்முறையாக ஒரு கூட்டத்தைச் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துச் சென்றார். அக்கூட்டத்தில் இருந்த ஜெமைமா மோரெல் என்னும் ஆங்கிலப் பெண், தரையைத் தொடும் பாவாடையுடன் பனியாற்றையும் கணவாயையும் கடந்து, நாள்தோறும் குறிப்பெழுதினார். அது நூறாண்டு கழித்து 1963-இல் நூலாக வெளிவந்தது.

சுவிஸ் மலைக் கழகமோ 1907-இல் பெண்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தது. அதற்காகப் பெண்கள் வீட்டில் இருந்துவிடவில்லை. 1918-இல் தமக்கெனத் தனிக் கழகம் கண்டனர். 1929-இல் அமெரிக்கரான மிரியம் ஓ'பிரையனும் பிரெஞ்சுப் பெண்ணான அலிஸ் தமேமும், ஆணும் வழிகாட்டியும் இன்றி, ஷாமொனி அருகிலுள்ள கிரெபோன் என்னும் செங்குத்தான சிகரத்தில் ஏறி இறங்கினர். இறுதியில் 1980-இல் இரு சுவிஸ் கழகங்களும் ஒன்றாயின. எழுபது ஆண்டுகளுக்கு மேல் மூடியிருந்த கதவு திறந்தது.

மோன் பிளாங் சுற்றுவழி

இத்தகைய பயணங்களுள் பெயர் பெற்றது மோன் பிளாங் சுற்றுவழி. இது உச்சிக்கு ஏறும் வழி அன்று. சிகரத்தை வலமாகவோ இடமாகவோ சுற்றிவரும் வழி. ஏறத்தாழ 170 கி.மீ. நீளம் கொண்டது. பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் வழியே செல்கிறது. வழி முழுவதிலும் ஏறும் உயரத்தைக் கூட்டினால் சுமார் 10,000 மீட்டர் வரும். சாதாரணமாக நடப்பவர்கள் இதை முடிக்க 10 அல்லது 11 நாள் எடுத்துக்கொள்கின்றனர். இதே வழியில் 2003 முதல் ஓட்டப்பந்தயமும் நடைபெறுகிறது. 2022-இல் முதல்வராக வந்தவர் இருபது மணிக்கும் குறைவான நேரத்தில் ஓடி முடித்தார் என்பது வியப்புக்குரிய செய்தி.

பெரும்பாலோர் பிரான்சில் உள்ள லே ஊஷ் என்னும் ஊரில் தொடங்குகின்றனர். முதல் நாள் மாலை லே கோந்தமீன் ஊர். அதற்கு அப்பால் பள்ளத்தாக்கின் முடிவில் இடுக்கு மாதா சிற்றாலயம் நிற்கிறது. அங்கிருந்து பழைய கற்பாதை ஏறத் தொடங்குகிறது. பயணிகள் பலர் அவ்வாலயத்தில் சிறிது நேரம் அமர்ந்துவிட்டே ஏறுகின்றனர். போனோம் கணவாயைக் கடந்து லே ஷாபியே என்னும் சிற்றூரில் தங்கி, மறுநாள் 2,516 மீட்டர் உயரமுள்ள சேஞ்ஞ் கணவாயை அடையலாம். அங்கே பிரான்ஸ் முடிந்து இத்தாலி தொடங்குகிறது. வாயிலும் இல்லை, காவலரும் இல்லை. எல்லைக்கல் மட்டுமே உண்டு.

அடுத்து வருவது கூர்மாயர் நகரம். 1965-இல் திறக்கப்பட்ட மோன் பிளாங் சுரங்கத்தின் வழியே காரில் வருபவர் ஷாமொனியிலிருந்து இந்நகருக்குச் சிறிது நேரத்தில் வந்துவிடுவார். சுரங்கத்தின் நீளம் 11.6 கி.மீ. மட்டுமே. கால்நடையாக வருபவர்க்கோ நான்கைந்து நாள் ஆகும். ஆனால் காரில் வந்தவர் மலைக்குள் இருந்த இருட்டை மட்டுமே கண்டிருப்பார்.

பின்னர் 2,537 மீட்டர் உயரமுள்ள பெரிய பெரே கணவாயில் சுவிட்சர்லாந்து தொடங்குகிறது. லா பூலி ஊரையும், ஏரிக்கரையில் அமைந்த ஷாம்பே ஊரையும், இளஞ்சிவப்பு நிறத் தேவாலயம் கொண்ட திரியான் ஊரையும் கடந்து, பால்ம் கணவாயில் மீண்டும் பிரான்சுக்குள் நுழையலாம். கடைசி நாட்களில் பாறையில் பதித்த இரும்பு ஏணிகளில் ஏற வேண்டிய ஓர் இடமும் உண்டு. அஞ்சுவோர்க்கு அதைத் தவிர்த்துச் செல்ல வேறு பாதையும் இருக்கிறது. நம் நாட்டவர்க்கு ஷெங்கன் விசா ஒன்றே மூன்று நாடுகளுக்கும் போதும்.

வண்ணக் குறிகள் பேசும் மொழி

வழிகாட்டி இல்லை என்றோம். உண்மையில் வழிகாட்டிகள் ஆயிரக்கணக்கில் உள்ளனர். அவர்கள் முன்பே வந்து குறியிட்டுச் சென்றுவிட்டனர் என்பதே வேறுபாடு.

சுவிட்சர்லாந்தில் மஞ்சள் பலகை எளிய பாதையைக் குறிக்கும். வெள்ளை, சிவப்பு, வெள்ளை எனப் பட்டை தீட்டியிருந்தால் அது மலைப்பாதை. உறுதியான காலணியும் தலைசுற்றாத மனமும் தேவை. வெள்ளை, நீலம், வெள்ளை என்றிருந்தால் அது பனியாறும் செங்குத்துப் பாறையும் உள்ள வழி. பயிற்சி இல்லாதவர் அங்கேயே நின்றுவிட வேண்டும். பிரான்சில் நெடும்பாதைகளுக்கு வெள்ளையும் சிவப்புமாக இரு பட்டைகள் தீட்டியிருப்பர். அவை குறுக்காகப் பெருக்கல் குறிபோல் இருந்தால் 'இது உன் வழியன்று' என்று பொருள்.

இவ்வொழுங்கின் பின்னே ஓர் ஆசிரியர் இருக்கிறார் என்பதை அறிந்து மகிழ்ந்தோம். ஜொஹான் யாக்கோப் எஸ் என்பவர் சூரிச் அருகே பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1930-களின் தொடக்கத்தில் தம் மாணவர்களுடன் கிளௌசன் கணவாயில் நடந்தபோது, மோட்டார் வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கியே செல்ல வேண்டியிருந்தது. நடப்பவர்க்கு என்று தனிப் பாதை வேண்டும் என்று அவர் பாடுபட்டார். 1934-இல் நாடு தழுவிய சங்கம் உருவாயிற்று. 1979 பிப்ரவரி 18 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் ஏறத்தாழ 78 விழுக்காட்டினர் ஆதரிக்க, நடைபாதைகளைப் பேணும் கடமை அந்நாட்டு அரசியல் சட்டத்திலேயே இடம்பெற்றது. இன்று அங்கே குறியிட்ட பாதைகளின் மொத்த நீளம் சுமார் 65,000 கி.மீ. ஒரு பள்ளிச் சுற்றுலாவில் பட்ட தொல்லை, பின்னர் நாட்டுக்கே நன்மையாக முடிந்தது!

நேரத்தைக் கணக்கிடும் முறை

சுவிஸ் மஞ்சள் பலகைகளில் கிலோமீட்டர் இராது. நேரமே இருக்கும். மலையில் தூரத்தைவிட ஏற்ற இறக்கமே முக்கியம் என்பதால் இவ்வாறு செய்துள்ளனர். நாமே கணக்கிட ஜெர்மானியர் ஓர் எளிய விதியைக் கையாளுகின்றனர்.

சமவெளித் தூரத்திற்கு மணிக்கு 4 கி.மீ.; ஏற்றத்திற்கு மணிக்கு 300 மீட்டர்; இறக்கத்திற்கு மணிக்கு 500 மீட்டர். ஏற்ற இறக்க நேரத்தை ஒன்றாகவும், தூர நேரத்தை ஒன்றாகவும் கண்டுபிடி. பெரியதை முழுமையாக எடுத்துக்கொள். சிறியதில் பாதியைக் கூட்டு.

எடுத்துக்காட்டு: ஒரு நாள் நடை 14 கி.மீ. ஏற்றம் 900 மீட்டர். இறக்கம் 600 மீட்டர். ஏற்றத்திற்கு 3 மணி; இறக்கத்திற்கு 1.2 மணி, கூடுதல் 4.2 மணி. தூரத்திற்கு 3.5 மணி, அதில் பாதி 1.75 மணி. மொத்தம் 5.95, அதாவது ஏறத்தாழ 6 மணி நேரம். இதில் ஓய்வு சேரவில்லை. உணவுக்கும் ஓய்வுக்கும் ஒன்றரை மணி சேர்த்தால், காலை 7 மணிக்குப் புறப்படுபவர் பிற்பகல் 2.30 மணிக்குச் சேர்வார். கணக்குப் பாடம் வாழ்க்கைக்கு உதவாது என்று சொல்லும் தோழியர் இதைக் கவனிப்பார்களாக!

அறிவியல் பாடமும் உதவுகிறது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். 1,224 மீட்டர் உயரமுள்ள கூர்மாயரில் 22 டிகிரி இருந்தால், பெரிய பெரே கணவாயில் 13 அல்லது 14 டிகிரியே இருக்கும். காற்று வீசினால் உடல் இன்னும் குளிரும். ஆகவே கீழே வெயில் காய்வதை நம்பிக் கம்பளிச் சட்டையை விட்டுச் செல்வது பேதைமை.

மூட்டையில் என்ன இருக்க வேண்டும்?

தங்கும் இடமும் உணவும் விடுதியில் கிடைப்பதால் கூடாரமும் அடுப்பும் தேவையில்லை. பழகிய காலணி, இரண்டு மூன்று காலுறைகள், கம்பளிச் சட்டை, நீர் புகாத மேற்சட்டை, தொப்பி, கையுறை, தண்ணீர், சிறிது தின்பண்டம், கட்டுப்போடும் துணியும் மருந்தும், விசில், டார்ச் விளக்கு, நிலப்படம், திசைகாட்டி, படுக்கையில் விரிக்கும் மெல்லிய பை ஆகியவை போதும். கைத்தொலைபேசியில் படம் இருந்தாலும் காகிதப் படத்தை விடக்கூடாது. குளிரில் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். பணமாகவும் சிறிது வைத்திருக்க வேண்டும். எல்லாக் குடில்களிலும் அட்டை செல்லாது.

சில பயண நிறுவனங்கள் விடுதிகளைப் பதிவு செய்து, வழிக்குறிப்பு எழுதிக் கொடுத்து, பெரிய பெட்டியை வண்டியில் அடுத்த ஊருக்கு அனுப்பியும் வைக்கின்றன. ஆனால் சாலை இல்லாத உயர்ந்த குடில்களுக்குப் பெட்டி வாராது. அங்கே அவரவர் சுமை அவரவர்க்கே.

குடிலில் ஒரு மாலை

குடிலை அடைந்ததும் சேறு படிந்த காலணியை வாசலருகே கழற்றி வைத்துவிட்டு, அங்குள்ள செருப்பை அணிந்துகொள்ள வேண்டும். ஈர உடையைக் காயவைக்கத் தனி அறை உண்டு. பலர் சேர்ந்து படுக்கும் நீண்ட பொது அறையில் ஆளுக்கு ஒரு மெத்தையும் போர்வையும் தருவர். மாலை ஏழு மணி அளவில் அனைவரும் நீண்ட மேசைகளில் ஒன்றாக அமர்ந்து உண்கின்றனர். முதலில் சூப்பு, பின்னர் உருளைக்கிழங்கு, சோளமாவுக் களி, பாலாடைக்கட்டி, இறைச்சி முதலியன. இறைச்சி உண்ணாதவர் முன்கூட்டிச் சொன்னால் வேறு செய்து தருவர். இரவு பத்து மணிக்கு விளக்கு அணைந்துவிடும். விடுதி மாணவியர்க்கு இதில் எதுவும் புதிதாகத் தோன்றாது!

உயர்ந்த குடில்களில் தண்ணீர் அரிது. பனி உருகிய நீரே பலவற்றிற்கு ஆதாரம். ஆகவே குளியல் இராது, அல்லது சில நிமிடமே கிடைக்கும். உணவுப் பொருள்களை ஹெலிகாப்டரிலோ கழுதையிலோ கொண்டுவர வேண்டியிருப்பதால், பயணிகள் தம் குப்பையைத் தாமே கீழே எடுத்துச் செல்கின்றனர்.

ஒவ்வொரு குடிலிலும் ஒரு பதிவேடு உண்டு. அதில் பெயரையும், எங்கிருந்து வந்தோம், அடுத்து எங்கே செல்கிறோம் என்பதையும் எழுத வேண்டும். ஒருவர் வந்து சேராவிட்டால், தேடுவோர்க்கு முதல் துப்பு இந்த ஒரு வரியே. அதுபோலவே, இடம் பதிவு செய்தவர் வர இயலாவிட்டால் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். இல்லையேல் அவருக்கு என்ன நேர்ந்ததோ என்று குடில் காப்பாளர் கவலைப்படுவார். மற்றவர் தம் உயிரைப் பணயம் வைத்துத் தேடவும் நேரலாம்.

ஆபத்தும் காப்பும்

கோடையில் ஆல்ப்ஸில் பிற்பகல் நேரத்தில் இடியும் மழையும் எழுவது வழக்கம். ஆகவே அதிகாலையில் புறப்பட்டு நண்பகலுக்குள் கணவாயைக் கடந்துவிட வேண்டும் என்பது விதி. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணும் விநாடிகளை மூன்றால் வகுத்தால், இடி எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்று அறியலாம். அது நெருங்கினால் மலைமுகட்டையும், தனிமரத்தையும், இரும்பு ஏணியையும் விட்டு விலக வேண்டும். ஜூன் மாத இறுதியிலும் கணவாய்களில் பழைய பனி கிடக்கும். ஆதலால் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரையே குடில்கள் பெரும்பாலும் திறந்திருக்கின்றன.

உதவி கேட்க ஒரு முறை உண்டு. விசிலாலோ விளக்காலோ ஒரு நிமிடத்தில் ஆறு முறை சைகை செய்து, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் தொடர வேண்டும். கேட்டவர் நிமிடத்திற்கு மூன்று முறை பதில் தருவார். இம்முறையை 1894-இல் வகுத்தவர் கிளின்டன் டென்ட் என்னும் ஆங்கிலேய மருத்துவர். ஹெலிகாப்டரைக் கண்டால் இரு கைகளையும் மேலே உயர்த்துவது 'உதவி வேண்டும்' என்பதாகும். ஒரு கையை மேலும் மற்றதைக் கீழும் நீட்டினால் 'வேண்டாம்' என்று பொருள். ஐரோப்பா எங்கும் 112 என்ற தொலைபேசி எண்ணும் உதவும்.

உருகும் பனி

இப்பாதைகளில் நடப்பவர் இன்று ஒரு துயரக் காட்சியையும் காண்கின்றனர். 1877-இல் அலெட்ச் பனியாற்றின் கரையில் கொன்கோர்டியா குடிலைக் கட்டியபோது, அது பனிக்குச் சுமார் 50 மீட்டர் மேலே இருந்தது. பனி உருகித் தாழ்ந்துகொண்டே போனதால், இன்று பனியிலிருந்து குடிலுக்கு ஏற 400-க்கும் மேற்பட்ட படிகள் வைத்துள்ளனர். 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தம் பருமனில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. பாறைகளைப் பசைபோல் பிடித்திருந்த உறைபனி இளகுவதால் பாதைகளும் குடில்களும் ஆபத்துக்குள்ளாகின்றன. 2025 மே 28 அன்று பாறையும் பனியாறும் சரிந்து பிளாட்டன் என்னும் சுவிஸ் சிற்றூரைப் பெரும்பாலும் மூடிவிட்டன. ஆபத்தை முன்பே அறிந்து சுமார் 300 மக்களை வெளியேற்றியதால்தான் பேரிழப்பு தவிர்க்கப்பட்டது.

எனினும் நம்பிக்கைக்கும் இடம் உண்டு. ஐபெக்ஸ் என்னும் மலை ஆடு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ அழிந்தே போயிற்று. இத்தாலியின் கிரான் பாரதீசோ மலையில் மட்டும் சில எஞ்சின. அங்கே காத்து வளர்த்ததன் பயனாக, இன்று அவை ஆல்ப்ஸ் எங்கும் மீண்டும் உலாவுகின்றன. கெடுத்த மனிதனே காக்கவும் வல்லவன் என்பதற்கு அவை சான்று.

முடிவுரை

எங்கள் முதல் கேள்விக்கு விடை கிடைத்தது. அங்கே வழிகாட்டி இல்லாமல் நடப்பவர், துணை இல்லாமல் நடப்பவர் அல்லர். குறி தீட்டியவர், குடில் கட்டியவர், பதிவேட்டைப் பார்ப்பவர், விசில் கேட்டால் வருபவர் ஆகிய பலரின் துணை அவர்களுக்கு உண்டு. அவர்களும் தம் பங்குக்கு விதியை மீறாமல் நடக்கின்றனர். பலர் கடமையைச் செய்வதால் ஒருவருக்குச் சுதந்திரம் கிடைக்கிறது.

இரண்டாம் கேள்வி எங்களைப் பற்றியது. எங்களில் பலர் மாலையில் தெருமுனைக் கடைக்குச் செல்வதற்கும் தம்பியைத் துணைக்கு அழைத்துச் செல்பவர்கள். அவன் எட்டு வயதுச் சிறுவனாக இருப்பான்! பெற்றோரின் அச்சம் அன்பிலிருந்தே பிறக்கிறது என்பதை நாங்கள் அறிவோம். அதைக் குறை கூறவில்லை. ஆனால் அச்சத்திற்கு மருந்து வீட்டில் அடைத்து வைப்பது மட்டுமே அன்று என்பதை ஆல்ப்ஸ் காட்டுகிறது. படம் பார்க்கவும், நேரம் கணக்கிடவும், செல்லும் இடத்தைச் சொல்லிச் செல்லவும், சொன்ன நேரத்தில் திரும்பவும் கற்றுக்கொடுங்கள். நாங்கள் அவற்றை ஒழுங்காகச் செய்கிறோமா என்று பாருங்கள். செய்தால், அடுத்த முறை ஒரு தெரு அதிகமாகச் செல்ல அனுமதியுங்கள். இதுவே நாங்கள் பெற்றோரைப் பணிவுடன் வேண்டுவது.

அன்புத் தோழியரே! மலையேறுவோர் அனைவரும் ஒப்புக்கொள்ளும் ஒரு விதி உண்டு. வானம் கறுத்தால், நேரம் கடந்தால், தோழியின் கால் சோர்ந்தால், கணவாய் கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். அது தோல்வியன்று. மலை நாளையும் அங்கேயே நிற்கும். துணிவுடன் புறப்படவும், தேவையானபோது தயங்காமல் திரும்பவும் அறிந்தவளே சுதந்திரத்திற்குத் தகுதியுடையவள். நம்மில் எத்தனை பேர் ஆல்ப்ஸைக் காண்போமோ, தெரியாது. ஆனால் இப்பாடத்தைக் கற்க அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு